தூரத்தில் இருந்து திறக்கும் கதவு!

ஆபீஸ் சர்வர் "வர மாட்டேன்" என்றால் எங்கே பார்ப்பது?

ஆபீஸ் ஓர் ஊரில் இருக்கிறது. கணக்கர் வேறு ஊரில் இருக்கிறார். அவர் தம் வீட்டில் உட்கார்ந்து ஓர் எழுத்தைத் தட்டுகிறார். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவு ஆகிறது!

இது மந்திரம் அல்ல. "ரிமோட் டெஸ்க்டாப்" என்ற வசதி செய்யும் வேலை.

இந்த வசதி சில நாள் மக்கர் செய்யும். "இணைக்க முடியவில்லை" என்று திரையில் ஒரு வரி மட்டும் தெரியும். மறுநாள் சம்பளம் போட வேண்டும். பில் அனுப்ப வேண்டும். கணக்கருக்குப் பதற்றம் பிறக்கும். அந்தப் பதற்றத்தில் செய்யும் ஒரு தவறு கம்பெனியையே கவிழ்த்துவிடக் கூடும்.

அது என்ன தவறு? அதற்கு முன், இந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வர் என்பது என்ன?

சிறு கம்பெனிகளில் கணக்கு, வாடிக்கையாளர் விவரம், கடிதம் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது உண்டு. மற்ற கம்ப்யூட்டர்கள் வேண்டியதை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குத்தான் "சர்வர்" என்று பெயர்.

சிறு கம்பெனிகளுக்கு என்றே "ஸ்மால் பிசினஸ் சர்வர்" என்ற ஒன்றை மைக்ரோசாப்ட் கம்பெனி 1997-ல் வெளியிட்டது. தூரத்தில் இருந்து விண்டோஸ் சர்வரை இயக்கும் வசதியை 1998-ல் கொண்டு வந்தது. 2001-ல் வந்த "விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல்" மூலம் அந்த வசதி சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் கிடைத்தது.

நான்கு சங்கதிகள்

சர்வருக்கு ஒரு முகவரி உண்டு. "ஐ.பி. முகவரி" என்பார்கள். வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல.

சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் உண்டு. அதற்கு "போர்ட்" என்று பெயர். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரிய வாசல் எண் 3389.

வாசலில் ஒரு காவல்காரன் இருப்பான். அவன்தான் "பயர்வால்".

காவலைத் தாண்டினாலும், உள்ளே போக அனுமதி வேண்டும். அதற்குத்தான் பெயரும் பாஸ்வேர்டும்.

முகவரி, வாசல், காவல், அனுமதி. இந்த நான்கில் ஏதாவது ஒன்று கெட்டால் இணைப்பு கிடைக்காது. எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே வேலை.

முதல் சோதனை

சர்வர் ஓடிக்கொண்டு இருக்கிறதா? முதலில் அதைப் பார்க்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் தூங்கிவிடும்படி வைத்த கம்ப்யூட்டர், தூரத்தில் இருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் பதில் சொல்லாது.

அடுத்து, ஆபீசுக்கு உள்ளேயே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். போக முடிந்தால் சர்வர் நன்றாக இருக்கிறது. கோளாறு வெளியில் இருந்து வரும் பாதையில். போக முடியாவிட்டால் கோளாறு ஆபீசுக்கு உள்ளேதான். இந்த ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்துவிடும்!

உள்ளே கோளாறா?

ரிமோட் டெஸ்க்டாப் வசதியை "ஆன்" செய்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அதில் இருப்பது விண்டோஸ் "ஹோம்" பதிப்பு என்றால், அதில் இருந்து வெளியே போகலாம். வெளியில் இருந்து அதற்குள் வர முடியாது.

பிறகு காவல்காரனைப் பார்க்க வேண்டும். சில சமயம் விண்டோஸ், ஆபீஸ் இணைப்பைப் பொது இடத்து இணைப்பு என்று எண்ணிக்கொள்ளும். அப்போது காவல் கடுமையாகிவிடும். அதைத் திருத்தினால் போதும். காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது!

சர்வரின் முகவரி மாறி இருக்கலாம். மின்சாரம் போய் வந்தால், ரூட்டர் வேறு முகவரியைக் கொடுத்துவிடுவது உண்டு. சர்வருக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வருகிறவரின் பெயர் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு வைத்திருந்தால், விண்டோஸ் அவரைத் தூரத்தில் இருந்து உள்ளே விடாது.

இரண்டு பேருக்குத்தான் இடம்!

தனி லைசென்ஸ் வாங்காத விண்டோஸ் சர்வரில், ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் தூரத்தில் இருந்து வேலை செய்யலாம். அதுவும் நிர்வாக வேலைக்கு மட்டுமே. மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை.

பலர் வேலை முடிந்ததும் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஜன்னல் மூடிவிடும். ஆனால் சர்வரைப் பொறுத்தவரை அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்! "சைன் அவுட்" கொடுத்து வந்தால்தான் அவர் முழுமையாக வெளியே வந்ததாக ஆகும்.

நிறையப் பேர் வேலை செய்வதற்கான வசதியைப் போட்டால், லைசென்ஸ் இல்லாமல் 120 நாள் ஓடும். 121-வது நாள் கதவு மூடிக்கொள்ளும். நேற்று வரை நன்றாக இருந்ததே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

2018 மே மாதம் இன்னொரு வேடிக்கை நடந்தது. மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போட்ட கம்ப்யூட்டர், திருத்தம் போடாத சர்வரோடு பேச மறுத்துவிட்டது! இரண்டிலும் திருத்தம் போடுவதே அதற்கு மருந்து.

அந்தத் தவறு எது?

உள்ளே எல்லாம் சரி. வெளியில் இருந்துதான் வர முடியவில்லை. அப்போது பதற்றத்தில் சிலர் என்ன செய்கிறார்கள்? ரூட்டரில் 3389-ம் வாசலை இண்டர்நெட் முழுவதற்கும் திறந்து விடுகிறார்கள். உடனே இணைப்பு கிடைத்துவிடும். கணக்கருக்கு மகிழ்ச்சி. திருடனுக்கும் மகிழ்ச்சி!

திறந்து கிடக்கும் 3389-ம் வாசலை, இரவும் பகலும் இண்டர்நெட்டில் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. வாசலைக் கண்டதும் ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்திவிட்டால் தீர்ந்தது. கணக்குகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்று மிரட்டுவார்கள்.

இப்படி மிரட்டிய "சாம்சாம்" என்ற கும்பல், ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவும் நுழைந்தது என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2018 டிசம்பரில் எச்சரித்தது.

2019 மே மாதம் இன்னொரு ஓட்டை வெளிப்பட்டது. அதற்கு "புளூகீப்" என்று பெயர். பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடக் கூடிய ஓட்டை! ஆபத்து பெரிது என்பதால், கைவிட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும், சர்வர் 2003-க்கும் கூட மைக்ரோசாப்ட் திருத்தம் கொடுத்தது.

சரியான வழி

வெளியில் இருந்து வருகிறவர்கள் "வி.பி.என்." என்ற பாதுகாப்பான சுரங்கப் பாதை வழியாக வரலாம். அல்லது 443-ம் வாசலில் உள்ள "கேட்வே" வழியாக வரலாம். பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். போனுக்கு வரும் எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

ஆளை அடையாளம் பார்த்த பிறகே திரையைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. "என்.எல்.ஏ." என்று அதற்குப் பெயர். இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது.

ஸ்மால் பிசினஸ் சர்வரின் 2003 பதிப்புக்குக் கொடுத்துவந்த ஆதரவு 2015-ல் நின்றுவிட்டது. கடைசியாக வந்த 2011 ஸ்டாண்டர்டு பதிப்புக்கு 2020-ல் நின்றது. இவற்றை இன்னும் வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுவதே நல்லது.

சர்வரில் உள்ள கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, சர்வரோடு சேராமல் தனியே வைத்திருக்க வேண்டும். என்ன நேர்ந்தாலும் கம்பெனியைக் காப்பாற்றப் போவது அந்த நகல்தான்.

கதவு திறக்கவில்லையா? பூட்டைப் பார்க்கலாம், சாவியைப் பார்க்கலாம். சுவரை இடிக்கக் கூடாது!