எல்லோருக்கும் 14ஆம் நாள் அல்ல: குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் அறிய வேண்டிய நாட்கணக்கு

திருமணமாகி ஆறு மாதம் கடந்துவிட்டால் போதும், எமது குடும்பங்களில் "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். ஒரு வருடம் போனால் கேள்வி குற்றச்சாட்டாக மாறும். பெரும்பாலும் அது மருமகளை நோக்கியே வரும். அதன் பின்னர் ஓதிப் பார்ப்பது, நாட்டு மருந்து, யாரோ சொன்ன மாத்திரை என்று அலைச்சல்தான். ஆனால் பல வீடுகளில் எவரும் கவனிக்காத ஒன்று உண்டு. அது நாட்கணக்கு.

நான் வைத்தியர் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, பல வருடங்களாகப் பெண் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்து வருபவள். மாதவிடாய்ச் சக்கரம் 28 நாட்கள், 14ஆம் நாளில் முட்டை வெளியேறும் என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்குகிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அது ஓர் உதாரணம் மட்டுமே. திருமணமான பின்னர் சந்தேகம் கேட்டு வரும் பழைய மாணவிகள் பலர் அந்த 14ஐ எல்லோருக்கும் பொதுவான சட்டம் போல நினைத்திருக்கிறார்கள்.

சக்கரத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. முற்பாதியில் சூலகத்தில் முட்டை முதிர்கிறது. இதற்கு ஒருவருக்குப் பத்து நாள் போதும், இன்னொருவருக்கு இருபது நாளுக்கு மேலும் எடுக்கலாம். முட்டை வெளியேறிய பின் வருவது பிற்பாதி. வைத்தியர்கள் இதனை லூட்டியல் கட்டம் என்பார்கள். முட்டை இருந்த இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரந்து, கருவை ஏற்கக் கருப்பையின் உட்சுவரைத் தயார்படுத்துகிறது. இந்தப் பிற்பாதி பெரும்பாலானோருக்கு 12 முதல் 14 நாட்கள் வரை நீடிக்கும்.

ஆகவே நாளை முன்னிருந்து எண்ணுவதை விட அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே பொருத்தமானது. 35 நாள் சக்கரம் உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 21ஆம் நாளில்தான் முட்டை வெளியேறும். அவருக்கு வருடத்தில் 13 வாய்ப்புகளுக்குப் பதிலாகப் பத்துதான் கிடைக்கும். வாய்ப்பு குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை.

வெளியேறிய முட்டை 24 மணித்தியாலத்துக்கு மேல் உயிர்ப்புடன் இருப்பதில்லை. ஆணின் விந்தணு ஐந்து நாட்கள் வரை பெண்ணின் உடலில் தாக்குப்பிடிக்கும். எனவே கருத்தரிக்க ஏற்றவை முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும்தான். 2000ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இந்த ஆறு நாட்களும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையே முழுமையாக அமைந்தது சுமார் 30 சதவீதமான பெண்களுக்கு மாத்திரமே. 35 நாள் சக்கரம் உள்ளவர் 12, 13, 14ஆம் நாட்களில் மட்டும் முயன்றுவிட்டு நிறுத்தினால் அந்த மாதம் வீணாகிறது.

கணவன் வெளிநாட்டில் தொழில் செய்யும் குடும்பங்களை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு மாத விடுமுறை என்றால், ஐந்து வருடத் திருமணத்தில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஐந்தே மாதங்கள். இதனை "ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை" என்று ஊர் சொல்வது எவ்வளவு அநியாயம்!

பரிசோதனையிலும் இதே சிக்கல் வருகிறது. முட்டை வெளியேறியதா என அறிய 21ஆம் நாளில் புரோஜெஸ்தரோன் குருதிப் பரிசோதனை செய்வது வழக்கம். அது 28 நாள் சக்கரத்துக்கான நாள். உண்மையில் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாட்களுக்கு முன்னர் செய்ய வேண்டிய பரிசோதனை அது. 35 நாள் சக்கரம் உள்ளவருக்கு 28ஆம் நாளே சரி. 21இல் செய்துவிட்டு "முட்டை வரவில்லை" என்ற முடிவோடு அழுதுகொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சக்கரம் எத்தனை நாள் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இனி பிற்பாதி குறுகுவதைப் பார்ப்போம். கரு பெரும்பாலும் முட்டை வெளியேறி 8 முதல் 10 நாட்களில்தான் கருப்பையில் பதிகிறது. பிற்பாதி பத்து நாள் அல்லது அதற்கும் குறைவு என்றால், கரு ஒட்டிக்கொள்ள அவகாசம் போதாமல் போகலாம் என்பதே கவலை. ஆனால் ஒரு மாதம் அப்படி நடந்ததற்காகப் பயப்படத் தேவையில்லை. குழந்தை பெற்ற பெண்களுக்கும் இடைக்கிடையே இவ்வாறு நிகழ்வதுண்டு. இது மட்டுமே குழந்தையின்மைக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் இன்னும் நிறுவவில்லை. தொடர்ந்து பல மாதங்கள் இப்படி இருந்தால்தான் காரணம் தேட வேண்டும். தைரொயிட், புரோலக்டின் ஓமோன் கோளாறுகள், கடும் மன அழுத்தம், திடீர் எடைக் குறைவு, தாய்ப்பாலூட்டும் காலம் ஆகியவை முட்டையைத் தாமதமாக்கவோ பிற்பாதியைக் குறுக்கவோ கூடும். முட்டை தாமதமாவதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று பீ.சீ.ஓ.எஸ். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த புரோஜெஸ்தரோன் மாத்திரையை பார்மசியில் வாங்கி விழுங்காதீர்கள். தவறான நாளில் ஆரம்பித்தால் முட்டை வெளியேறுவதையே அது குழப்பிவிடலாம்.

வெறும் கலண்டர் மாத்திரம் முழு விபரத்தையும் தராது. 32 நாள் சக்கரத்தில் முட்டை 18ஆம் நாளிலும் வெளியேறலாம், 22ஆம் நாளிலும் வெளியேறலாம். வேறுபாட்டை உடல்தான் காட்டும். முட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது வெளிப்படும் திரவம் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுபடும் தன்மையுடன் இருக்கும். காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்கு முன் அளக்கும் உடல் வெப்பநிலை, முட்டை வெளியேறிய பின்னர் 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து அடுத்த மாதவிடாய் வரை அப்படியே இருக்கும். உயர்ந்திருக்கும் நாட்களை எண்ணினால் பிற்பாதியின் நீளம் ஓரளவு தெரியும்.

தொழுகைக்காகவும் கழா நோன்புக்காகவும் ஹைழுடைய நாட்களையும் சுத்தமான நாட்களையும் எண்ணிப் பழகியவர்கள் எமது பெண்கள். அதே கணக்கை ஒரு கொப்பியில் மூன்று, நான்கு மாதங்கள் எழுதி எடுத்துச் சென்றால் வைத்தியரின் பாதி வேலை முடிந்துவிடும்.

35 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு வருடம் முயன்றும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்றால் வைத்தியரை நாட வேண்டும். மாதவிடாய் அடிக்கடி 35 நாட்களைத் தாண்டினால் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பகுதி குடும்ப நல உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் எங்கே அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஒன்றை மறக்க வேண்டாம். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் பக்கமும் காரணமாகிறது. விந்துப் பரிசோதனை இலகுவானது, செலவும் குறைவு. அதனைச் செய்யாமல் மருமகளை மட்டும் வைத்தியம் வைத்தியமாக அலைக்கழிப்பதும், மறுமணம் பற்றிப் பேசுவதும் அறிவுமல்ல, நீதியுமல்ல.

துஆக் கேட்போம். கூடவே நாட்களைச் சரியாக எண்ணுவோம், இருவரும் சேர்ந்தே பரிசோதிப்போம். மாமிமாரே, அடுத்த முறை "விசேஷம் இல்லையா?" என்று கேட்க வாயெடுக்கும்போது, அந்தப் பிள்ளை எத்தனை மாதம் எண்ணி எண்ணி ஏமாந்திருப்பாள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.