‘மறுநாளே நடக்கலாம்’ என்கிறார் டாக்டர்... அப்புறம்? இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதை எப்போது எதிர்பார்க்கலாம்?

“ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே நடக்க வெச்சிடுவோம்.” இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்டர் எத்தனையோ விஷயங்களைச் சொல்கிறார். வீட்டில் எல்லோர் மனதிலும் தங்குவது இந்த ஒரு வரிதான். அதை நம்பி மகன் ஒரே ஒரு வாரம் லீவு போடுகிறார். மகள் அடுத்த மாதக் கல்யாணத்துக்கு அம்மாவுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுக்கிறார். டாக்டர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் சொன்ன நடை வேறு, நாம் புரிந்துகொண்ட நடை வேறு.

மறுநாள் நடை என்பது, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, வாக்கரைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து கதவு வரை வைக்கும் சில அடிகள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், தசைகள் சோர்ந்துபோகாமல் இருக்கவும்தான் இவ்வளவு சீக்கிரம் எழுப்பிவிடுகிறார்கள். தனியாகக் கடைக்குப் போய்வர இன்னும் பல வாரங்கள் ஆகும். இது தெரியாததால்தான், நன்றாகத் தேறிவருபவர்கள்கூட ‘ஆபரேஷன் சரியா பண்ணலையோ’ என்று பயந்துவிடுகிறார்கள்.

மூட்டு புதுசு, தசை பழசு

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி, கிண்ணம். அறுவை சிகிச்சையில் பழுதான தலையை அகற்றிவிட்டு, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டைச் செருகி, அதன் மேல் உலோகம் அல்லது செராமிக்கால் ஆன பந்தைப் பொருத்துகிறார்கள். குழியிலும் புதிய கிண்ணம் வைக்கிறார்கள்.

பல வருடமாக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த அந்த மூட்டு வலி, பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரமே குறைந்துவிடும். ஆனால் வலிக்குப் பயந்து நொண்டி நடந்த காலத்தில் மெலிந்துபோன தசைகள் அப்படியேதான் இருக்கும். போதாக்குறைக்கு, அறுவை சிகிச்சையில் அவையும் காயப்பட்டிருக்கும். அவை வலுப்பெறுவதற்குத்தான் மாதங்கள் தேவை.

யாருக்குச் செய்தது என்பதும் முக்கியம்

மூட்டுத் தேய்மானத்துக்காகத் திட்டமிட்டுச் செய்துகொண்ட 65 வயதுக்காரருக்கும், பாத்ரூமில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததால் அவசரமாகச் செய்யப்பட்ட 80 வயதுப் பாட்டிக்கும் பலன் ஒன்றுபோல இருக்காது. எலும்பு முறிவுக்குப் பிறகு, விழுவதற்கு முன்பிருந்த அளவுக்கு நடமாட்டம் பலருக்குத் திரும்புவதில்லை.

இது முதியவர்களுக்கு மட்டுமான சிகிச்சையும் இல்லை. நம் நாட்டில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் இதைச் செய்துகொள்ள முக்கியக் காரணம் ‘அவாஸ்குலர் நெக்ரோசிஸ்’. ரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை சிதைந்துபோகும் பிரச்சினை இது. ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும், அதிகமாக மது அருந்துபவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

தோராயமான காலக்கணக்கு

*முதல் 2 வாரங்கள்:* வாக்கர்தான் துணை. தையல் பிரிக்கும்வரை காயத்தை நனைக்கக் கூடாது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். மல்லாந்தே படுப்பதால் தூக்கம் கெடும். சோர்வும் எரிச்சலும் சகஜம்.

*2 முதல் 6 வாரங்கள்:* வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவார்கள். கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். சாயங்காலமானால் கால் வீங்குவது சில மாதங்கள்வரைகூட நீடிக்கலாம்.

*6 முதல் 12 வாரங்கள்:* உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பலர் ஆபீஸுக்குத் திரும்பலாம். கார் ஓட்டுவதற்கும் வழக்கமாக 6 வாரம் ஆகும். சட்டென்று பிரேக்கை அழுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கும், பாரம் தூக்குபவர்களுக்கும் 3 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

*3 மாதம் முதல் 1 வருடம்:* நொண்டல் குறைந்து நடை சீராகும். ‘ஒரு கால் நீளமாகிவிட்டதுபோல’ தோன்றுவது பலருக்குத் தசைகள் சரியானதும் மறைந்துவிடும். மறையாவிட்டால் டாக்டரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இருக்கும் சிக்கல்

புதிய மூட்டு நழுவாமல் இருக்க, முதல் 6 முதல் 12 வாரங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் சொல்வார்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. இடுப்பின் எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இவை மாறும்.

கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, இந்தியன் டாய்லெட், பாயில் படுப்பது, குனிந்து கோலம் போடுவது, தாழ்வான சோஃபா என எல்லாமே இந்த 90 டிகிரியைத் தாண்டுபவை. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஆகியவை வேண்டும். வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு தரையில் உட்காரச் சிலருக்கு அனுமதி கிடைக்கும். சிலரை ஆயுளுக்கும் வேண்டாம் என்பார்கள். அம்மாவுக்கு பூஜையறையில் தரையில் உட்காருவதுதான் முக்கியம் என்றால், அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிப் பதில் வாங்குங்கள்.

‘பக்கத்து வீட்டு மாமா ஒரே மாசத்துல பைக் ஓட்டுனாரே!’

நோயாளியை அதிகம் நோகடிப்பது இந்த ஒப்பீடுதான். வயது, எடை, சர்க்கரை நோய், முன்பிருந்த தசை பலம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை அடி என்று அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒருநாள் அதிகமாக நடந்தால் மறுநாள் வலி கூடுவது சகஜம். ஓய்வெடுத்தும் வலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால்தான் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ் அல்லது நீர்க்கசிவு இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகி, ஊன்ற முடியாமல் போனால் மூட்டு நழுவியிருக்கலாம், இதுவும் அவசரம்தான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை, ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

எத்தனை வருடம் வரும்?

பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2019-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் நீடிக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு ஒரே ஆபரேஷன் போதும். 35 வயதில் செய்துகொள்பவர் பின்னாளில் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். நடை, நீச்சல், சைக்கிள் நல்லது. ஓடுவது, குதிப்பது பற்றி டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள்.

லீவு போடும் முன்...

ஒரு வாரம் போதாது. முதல் இரண்டு வாரம் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். ஆறு வாரம்வரை சமையல், துணி துவைப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார் என்று அண்ணன், தங்கை எல்லோரும் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்யாணம், கோயில் பயணம் எதுவானாலும் மூன்று மாதம் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது.