சப்ளை வருகிறது, மோட்டார் ஏன் சுற்றவில்லை?

படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இயந்திரம் சிறியது என்றால் கையாலேயே தூக்கி நிறுத்திவிடலாம். நம் கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். 150 குதிரைத்திறன் உள்ள நான்கு ஸ்ட்ரோக் இயந்திரமோ 200 கிலோவைத் தாண்டும். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கவும் இறக்கவும், ஓட்டத்தின்போது புரொப்பெல்லரின் சாய்வைச் சில பாகை மாற்றி அணியத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யவும் உள்ள ஏற்பாடுதான் பவர் டிரிம். உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு மோட்டார் எண்ணெய்ப் பம்ப்பைச் சுற்றுகிறது. எண்ணெயின் அழுத்தம் சிலிண்டர் தண்டைத் தள்ள, இயந்திரம் எழுகிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் இறங்குகிறது. பொத்தானை அழுத்தியும் ஒன்றும் அசையாவிட்டால்தான் சங்கடம். ஆழமில்லாத இடத்தில் புரொப்பெல்லர் தரை தட்டும். தூக்கிய நிலையில் நின்றுவிட்டாலோ புறப்படவே முடியாது. அவசரத்துக்கென்று ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதைத் தளர்த்தினால் எண்ணெய் அழுத்தம் விடுபட்டு, இயந்திரத்தைக் கையால் அசைக்கலாம். தூக்கி நிற்கும் இயந்திரத்துக்கு அடியில் நின்றுகொண்டு மட்டும் அதைத் தொடக் கூடாது.

இந்தப் பழுதைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைக்கிறார். பொத்தானை அழுத்தினால் 12 வோல்ட் காட்டுகிறது. "சப்ளை வருது, மோட்டார் போச்சு" என்று தீர்ப்பாகிவிடுகிறது. இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தை மாற்றச் சொல்லும் இந்தத் தீர்ப்புக்குப் போதிய சான்று இல்லை என்கிறேன். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் அளவு. 12 வோல்ட்டில் அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். டிரிம் மோட்டார் கேட்பதோ பல பத்து ஆம்பியர். வயரின் செம்பு இழைகள் எல்லாம் களிம்பேறி அற்று ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு அது தாராளம். மோட்டாருக்கு அது போதாது. பாதி அடைத்துக்கொண்ட குழாயில்கூட, திறப்பை மூடி வைத்திருக்கும்வரை மேல்தொட்டியின் அழுத்தம் முழுசாகத்தானே காட்டும்?

1827-இல் ஜெர்மானியர் கேயோர்க் ஓம் வெளியிட்ட விதியை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டெர்மினலில் பிடித்த களிம்பு 0.1 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சின்னத் தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் நம்பி அளக்க முடியாது. மீட்டரின் சொந்த வயர்களே அந்த அளவு தடை காட்டும். ஆனால் அந்த இணைப்பின் வழியே 30 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் அங்கேயே தொலைகிறது. தொலையும் 90 வாட்டும் வெப்பமாகிறது. பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டுத் தொட்டால் அந்த டெர்மினல் கையைச் சுடும். ஆகவே மோட்டாரை மாட்டிய நிலையில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடிதான் அளக்க வேண்டும். முதலில் பேட்டரி முனைகளுக்கு இடையே பார்க்க வேண்டும். சும்மா இருக்கையில் 12.6 காட்டும் பேட்டரி, அழுத்தியதும் 10-க்குக் கீழே சரிந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அது தாங்கினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதை மோட்டாரின் பாசிட்டிவ் வயரிலும் வைக்க வேண்டும். அப்போது காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட் வரை விட்டுவிடலாம். இரண்டு, மூன்று என்றால் மீட்டர் முனையை இணைப்பு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே போக, அளவு சட்டென்று விழும் இடத்தில் பழுது இருக்கும். நெகட்டிவ் பக்கத்திலும் இதே வேலை. பலர் விட்டுவிடுவது இந்தப் பக்கத்தைத்தான். இரண்டு பக்கமும் இழப்பு இல்லாமல், மோட்டாரின் இரு வயர்களுக்கு நடுவே முழு வோல்ட் நின்றும் அது சுற்றவில்லை என்றால், அப்போது மோட்டாரைக் கழற்றலாம். பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் போய் இறுகியிருக்கும்.

பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள ரிலேயை மாற்றிப் பார்ப்பது சுலபம், விலையும் குறைவு, எதற்கு இத்தனை அளவை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேலே தூக்க ஒன்று, இறக்க ஒன்று என இரண்டு ரிலேக்கள். பல இயந்திரங்களில் இரண்டும் ஒரே வகை. பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் பொத்தான், மெல்லிய வயர், சிறு ஃபியூஸ் மூன்றும் அந்தத் திசையில் வேலை செய்கின்றன. சத்தமே இல்லை என்றால், திராட்டில் கைப்பிடிக்குள் மடங்கி மடங்கி அறுந்த வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு ரிலேக்களையும் இடம் மாற்றிச் செருகி, பழுதும் திசை மாறினால் ரிலேதான் கெட்டது என்ற வழக்கமான சோதனையும் சரியே. ஆனால் எந்த ரிலே என்று அது சொல்லாது. இரண்டு வயர் மோட்டாரில், அழுத்தப்படாத ரிலே சும்மா இருப்பதில்லை. தன் பக்கத்து வயரை நெகட்டிவ்வோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. மேலே தூக்கும் மின்னோட்டம் தூக்கும் ரிலே வழியாகப் போய், மோட்டாரைச் சுற்றி, இறக்கும் ரிலேயின் ஓய்வு முனை வழியாகத் திரும்புகிறது. அந்த ஓய்வு முனை கரிந்திருந்தால் தூக்கும் ரிலே 'டிக்' என்று ஒழுங்காகச் சொல்லியும் இயந்திரம் எழாது. புதுத் தூக்கும் ரிலே வாங்கிச் செருகினாலும் எழாது. நெகட்டிவ் பக்கத்து வோல்ட் இழப்பை அளந்தவருக்கு மட்டும் இது அகப்படும்.

இறங்குகிறது, எழவில்லை, ஆகவே பேட்டரியும் பொது வயர்களும் நலம் என்று சொல்வதும் அவசரம். இறக்கும்போது எடை மோட்டாருக்குச் சாதகம். தூக்கும்போது பாதகம், மின்னோட்டமும் கூடுதல். பலவீனமான ஒரே இணைப்பு இறக்கத்துக்குத் தாங்கி, ஏற்றத்துக்குக் கைவிடலாம். இயந்திரம் படகுக்குள்ளும் ஓட்டுகால் வெளியிலும் உள்ள மெர்க்ரூசர் போன்ற அமைப்புகளில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அங்கே டிரிம் பொத்தான் ஓரளவுக்கு மேல் தூக்காதபடி தடுக்கும் எல்லைச் சுவிட்ச் ஒன்று, தண்ணீரில் அமிழும் இடத்தில், அசையும் வயரோடு இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றுவதற்கான தனிப் பொத்தான் இந்தச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிறது. டிரிம் பொத்தான் தூக்காமல் டிரெய்லர் பொத்தான் தூக்கினால் பம்ப், மோட்டார், ரிலே மூன்றையும் தொடாமலே விட்டுவிடலாம். இதே அமைப்பின் பம்ப்பில் 110 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் உண்டு. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் இரு முனைகளிலும் களிம்பு படிவது வழக்கம்.

பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. வழியில் எங்கே பழுது என்பதற்குச் சாட்சியே அல்ல. இயந்திரம் உள்ளே இருக்கும் பெட்ரோல் படகில் அது ஆபத்தும்கூட. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தட்டில் தேங்கும். அப்படிப்பட்ட படகுகளின் இயந்திர அறையில் ஆவியைப் பற்றவைக்காதபடி கட்டிய மின்பாகங்களையே அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. அந்த அறையில் வயர் நுனியால் பொறி பறக்கத் தொட்டுப் பார்ப்பது அந்த ஏற்பாட்டையே வீணாக்கும்.

மிகவும் பலமான ஆட்சேபம் அனுபவத்திலிருந்து வருவது: மோட்டாரை மாற்றினோம், ஓடியதே! ஓடியிருக்கும். பாகத்தை மாற்றுகிறவர் பழைய கனெக்டரைக் கழற்றுகிறார், டெர்மினலைச் சுரண்டுகிறார், நட்டை இறுக்குகிறார். களிம்பு போயிருக்கும். குணம் புதுப் பாகத்தால் வந்ததா, சுரண்டியதால் வந்ததா என்று யாரும் பழைய மோட்டாரைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதில்லை. சில மாதத்தில் அதே டெர்மினலில் உப்புநீர் மறுபடி ஏறும்போது புது மோட்டாரும் "போய்விடும்". வெறும் செம்பு வயரின் வெட்டுமுனையில் புகும் உப்புநீர், உறைக்குள் நுண்புழையாக ஏறி அங்குலக்கணக்கில் இழைகளைக் கறுக்க வைத்துவிடுகிறது. முனையை மட்டும் வெட்டிப் புதிதாக அழுத்திப் பயனில்லை. இழை பளபளக்கும் இடம் வரை வெட்ட வேண்டும். அதற்குமேல் வயர் எட்டாவிட்டால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைச் சேர்த்து, உள்பசை உள்ள சுருங்கு உறையைச் சூடாக்கி மூடிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு பக்கத்து இழப்பையும் ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.