பள்ளிக்கூட சுவர் ஏன் இடியுது? மழைக்கு முன்னாடி பெற்றோர் பார்க்க வேண்டியது என்ன?

மழை சீசன் வந்தாலே பிள்ளையை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தாய்மார்களுக்கு வயிற்றில் புளியை கரைக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2021-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி நெல்லையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிவறை சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள். அந்த சுவருக்கு முறையான அஸ்திவாரம் இல்லை என்று அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். அதன் பிறகுதான் தமிழகம் முழுவதும் பள்ளி கட்டிடங்களை ஆய்வு செய்து, ஆபத்தானதை இடிக்க உத்தரவு போடப்பட்டது.

வகுப்பறை நிற்கும்போது கழிவறை சுவர் மட்டும் ஏன் விழுகிறது?

வகுப்பறைக்கு நாலு சுவர். மூலைக்கு மூலை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே கான்கிரீட் தளம் அழுத்திக்கொண்டு இருக்கும். சுலபத்தில் சாயாது. ஆனால் கழிவறைக்கு முன்னால் மறைப்புக்கு கட்டுகிற சுவர் தனி ஆளாக நிற்கிறது. பிடிக்க பக்கத்து சுவரும் இல்லை, அழுத்த கூரையும் இல்லை. அதற்கு பலமே அஸ்திவாரமும் இடையிடையே வரும் தூணும்தான்.

'வெறும் மறைப்புதானே' என்று இந்த ரெண்டிலும்தான் கை வைக்கிறார்கள். 9 இஞ்சு போட வேண்டிய இடத்தில் நாலரை இஞ்சு சுவர். தூண் கிடையாது. பள்ளம் பேருக்கு தோண்டுவதோடு சரி. கழிவறை பக்கம் மண் எப்பவும் ஈரம். மழையும் சேர்ந்தால் மண் இளகி சுவர் ஒரு பக்கமாக சாய ஆரம்பிக்கும். அந்த நேரம் நாலு பையன்கள் அதில் சாய்ந்தால் போதும். பையன்கள் என்றால் சாயத்தான் செய்வார்கள், ஏறத்தான் செய்வார்கள். அதையும் கணக்கு போட்டு கட்டுவதுதான் பள்ளிக்கூட கட்டிடம்.

காம்பவுண்ட் சுவரும் இதே கதைதான். ஒரு பக்கம் ரோடு உயரமாகவும், மறுபக்கம் மைதானம் பள்ளமாகவும் இருந்தால், மேட்டுப்பக்க மண் தண்ணீர் குடித்து சுவரை தள்ளும். தண்ணீர் வெளியேற சுவரில் ஓட்டை விட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அந்த ஓட்டையே இருக்காது. இருந்தாலும் மண் அடைத்திருக்கும். சுவர் ஓரமாக மணல், ஜல்லி கொட்டி வைப்பதும் ஆபத்து. கோவில்பட்டி, விளாத்திகுளம் மாதிரி கரிசல் பூமியில் இன்னும் உஷார் தேவை. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி பிளக்கும். ஆழம் இல்லாத அஸ்திவாரத்தை தூக்கி தூக்கி போடும்.

எந்த விரிசல் ஆபத்து?

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டியது இல்லை. பூச்சில் முடி மாதிரி ஓடும் கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு போய்விடும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் வரிசையில் இறங்கும் விரிசல்தான் வில்லங்கம். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதற்கு அது அடையாளம். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து கோட்டை தாண்டி போயிருந்தால் என்ஜினீயரை கூப்பிட்டே ஆகணும்.

அடுத்தது மேல் தளம். மாடியில் தண்ணீர் வடியும் குழாயை இலை தழை அடைத்தால் தண்ணீர் தேங்கும். அது கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியை துரு பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி உப்பும். உப்பினால் கீழே உள்ள கான்கிரீட்டை பிளந்து தள்ளும். 'காரை பெயர்ந்து விழுந்தது' என்று நாம் செய்தி போடுகிறோமே, அதில் பல இடங்களில் இதுதான் சங்கதி. கம்பு வைத்து தட்டிப்பார்த்தால் கெட்டியான இடம் கணீர் என்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று சத்தம் போடும்.

இதற்கு சிமெண்ட் பூசி மேலே பெயிண்ட் அடிப்பது வைத்தியமே இல்லை. உள்ளே துரு தன் வேலையை செய்துகொண்டேதான் இருக்கும். முதலில் முட்டு கொடுத்து, விட்டுப்போன கான்கிரீட்டை கொத்தி எடுத்து, கம்பியின் துருவை சுரண்டி, மெலிந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்துத்தான் மறுபடி போட வேண்டும். மாடியில் ஒழுகலை நிறுத்தாமல் கீழே என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை. ஆண்டு விழாவுக்கு முன்னால் அடிக்கிற பெயிண்ட் விரிசலை மறைக்கும், அவ்வளவுதான்.

பூட்டிய கட்டிடம்

அரசு பள்ளிகளுக்கு புது வகுப்பறை கட்ட பேராசிரியர் அன்பழகன் பெயரிலான திட்டத்தில் 5 ஆண்டுகளுக்கு 7 ஆயிரம் கோடி ரூபாய் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. புதுசு வருவது நல்ல விஷயம். ஆனால் பழசை இடிக்காமல் பூட்டு போட்டு விடுவதும் நடக்கிறது. கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைக்கு பூட்டிய கட்டிடத்தின் பின்பக்கம்தான் முதல் இடம். இடிக்கும் வரை சுற்றிலும் வேலி போட வேண்டும். இடிப்பதை லீவு நாளில் வைக்க வேண்டும்.

கட்டிடம் பலமாக இருந்தாலும் பிள்ளைகள் வெளியே ஓட வழி வேண்டும். 2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்து தீ கீற்றுக்கூரைக்கு பரவி 94 குழந்தைகள் கருகினார்கள். அது தொடர்பான பொதுநல வழக்கில் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் பள்ளிகளுக்கு பாதுகாப்பு விதிகளை கட்டாயமாக்கியது. இப்போது கீற்று இல்லாவிட்டாலும் மாடிப்படியில் உடைந்த பெஞ்சு, பூட்டிய பின்வாசல் இருக்கிறதா என்று ஒரு நடை பாருங்கள்.

யாரிடம் சொல்வது?

கல்வி உரிமை சட்டப்படி பள்ளி மேலாண்மை குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்தான். கூட்டத்தில் சொல்லி தீர்மானமாக எழுத வையுங்கள். ஊராட்சி ஒன்றிய பள்ளி என்றால் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.விடமும், அரசு உயர்நிலை, மேல்நிலை பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் மூலம் பொதுப்பணித்துறைக்கும் மனு கொடுக்கலாம். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. விரிசலை செல்போனில் போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். மனு ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.