மகனை இழந்தவர், மகளை இழந்தவர்!

இங்கிலாந்து நாட்டில் பென் ஜான்சன் என்று ஒரு கவிஞர் இருந்தார். ஷேக்ஸ்பியர் காலத்தவர். பெயர் பெற்ற நாடக ஆசிரியர்.

1603-ம் ஆண்டில் லண்டன் நகரில் பிளேக் நோய் பரவியது. அப்போது ஜான்சன் வெளியூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கி இருந்தார். மகன் லண்டனில் இருந்தான்.

திடீர் என்று மகனின் உருவம் அவர் கண் முன் தோன்றியது. நெற்றியில் ரத்தச் சிலுவைக் குறி! ஜான்சன் பதறிப் போனார். "வெறும் பிரமை" என்று உடன் இருந்தவர் தேற்றினார்.

பிறகு மனைவியின் கடிதம் வந்தது. பையன் பிளேக் நோயில் இறந்து விட்டான்! அவனுக்கு வயது 7.

பிற்காலத்தில் ஜான்சனே இதை இன்னொரு கவிஞரிடம் சொல்லி இருக்கிறார்.

தவணை முடிந்தது

மகனுக்காக ஜான்சன் பாடியது 12 வரிக் கவிதை. அதில் மகனைக் கடனுக்கு ஒப்பிடுகிறார். விதி அவனை 7 ஆண்டுக்குக் கடனாகக் கொடுத்ததாம். தவணை முடிந்ததும் திருப்பி வாங்கிக் கொண்டதாம்.

சிறு வயதிலேயே போனவனுக்கு உலகத் துன்பம் இல்லை, முதுமை இல்லை. பிறகு ஏன் அழ வேண்டும் என்று தன்னையே கேட்டுக் கொள்கிறார்.

இது அறிவு சொன்ன ஆறுதல். மனம் கேட்டதா?

கேட்கவில்லை. இனி எதை நேசித்தாலும் அளவு மீறிப் பற்று வைப்பதில்லை என்ற சபதத்தோடு கவிதையை முடிக்கிறார். சூடுபட்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்களே, அதுதான் இது!

சாத்தோ

216 ஆண்டுகள் கழிந்தன. ஜப்பான் நாட்டில் இன்னொரு தந்தை அழுதார். அவர் பெயர் இஸ்ஸா. விவசாயக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர்.

50 வயது ஆன பிறகுதான் அவருக்குத் திருமணம் நடந்தது. முதல் குழந்தை சில வாரங்களில் இறந்தது. 1818-ல் ஒரு மகள் பிறந்தாள். அறிவோடு வளர வேண்டும் என்று ஆசைப்பட்டு "சாத்தோ" என்று பெயர் வைத்தார்.

அடுத்த வீட்டுப் பிள்ளையின் காற்றாடியைக் கேட்டு அவள் அடம் பிடித்தாள். கையில் கொடுத்ததும் கடித்துத் துப்பி எறிந்து விட்டாள். இதை எல்லாம் ரசித்து எழுதி வைத்தார், இஸ்ஸா.

1819-ல் சாத்தோவைப் பெரியம்மை கொண்டு போய் விட்டது.

அவள் சாவை எழுதிய இடத்தில் ஒரு ஹைக்கூ கவிதை இருக்கிறது. மொத்தம் 17 அசைகள்தான்!

உலகம் பனித்துளி போல நிலையற்றது என்பது புத்த மதத்தின் போதனை. இஸ்ஸா அதை மறுக்கவில்லை. சரி என்று ஒப்புக் கொள்கிறார். ஒப்புக் கொண்ட பிறகும் ஏதோ சொல்ல வாய் எடுக்கிறார். சொல்ல முடியாமல் நிறுத்தி விடுகிறார்.

அந்தச் சொல்லாத இடத்தில்தான் சாத்தோ இருக்கிறாள்.

ஒரே இடம்

ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் புத்த மதத்தினர். ஒருவர் கடன் என்றார். மற்றவர் பனித்துளி என்றார். நாடு வேறு, காலம் வேறு. ஆனால் இரண்டு கவிதைகளிலும் ஆறுதல் முடிகிற இடத்தில் தகப்பன் அழுகிறான்.

வேற்று நாட்டுக் கவிதை என்றால் புரியாது என்று பயப்பட வேண்டாம். கவிஞர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பாருங்கள். அங்கே நம் வீட்டு மனிதர் ஒருவர் தெரிவார்!