கன்னியாகுமரியில் கூட்டம் இல்லாமல் கடல் பார்க்கணுமா? மருந்துவாழ் மலைக்கு ஒரு காலை ஒதுக்குங்க!

கன்னியாகுமரிக்குப் போகும் பெரும்பாலான குடும்பங்களின் திட்டம் ஒன்றேதான். இருட்டிலேயே எழுந்து ஓடிப்போய் சூரிய உதயம், பகவதி அம்மன் தரிசனம், படகுக்கு வரிசை, விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபி, கொஞ்சம் பாசி மாலை பேரம், மாலையில் அஸ்தமனம், ராத்திரி ரயில். விடுமுறை நாள் என்றால் இதில் பாதி நேரம் வரிசையிலேயே கரைந்துவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகு யோசித்தால், கடலைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்ததுதான் அதிகமாக ஞாபகத்தில் இருக்கும்.

அதே கடலை ஆள் அரவம் இல்லாமல், உயரத்திலிருந்து உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் பொற்றையடி. பொற்றை என்றால் இந்தப் பக்கத்து வழக்கில் குன்று. அந்தக் குன்றுதான் மருந்துவாழ் மலை. கன்னியாகுமரி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே இதைப் பார்த்திருப்பார்கள். இறங்கியவர்கள் குறைவு.

குஜராத் எல்லைப் பக்கம் தொடங்கி சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கி வருகிற மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கடைசி என்று சொல்லப்படுவது இந்த மலைதான். இதற்கு அப்புறம் தென்னந்தோப்பு, உப்பளம், கடல். அவ்வளவுதான்.

பெயர்க் காரணத்தை உள்ளூரில் சின்னக் குழந்தையும் சொல்லும். லட்சுமணனைப் பிழைக்கவைக்க அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது, அதிலிருந்து ஒரு துண்டு இங்கே விழுந்ததாம். மருந்து வாழும் மலை என்பதால் மருந்துவாழ் மலை. பக்கத்து ஊரின் பெயர் அகஸ்தீஸ்வரம். சித்த மருத்துவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அகத்தியரின் பெயர் அந்த ஊரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏறுவது எப்படி இருக்கும்?

அடிவாரத்திலிருந்து முதல் பகுதி சுலபம். பாதையும் படிகளும் இருக்கின்றன. வழியில் சிறு சிறு சந்நிதிகள் வரும். வயதானவர்கள் இந்த இடம் வரைக்கும் நிதானமாக ஏறி, கும்பிட்டு, காற்று வாங்கிவிட்டு இறங்கிவிடலாம். அதுவே நல்ல காலைதான்.

அதற்கு மேலே படிகள் முடிந்து பாறைகள் ஆரம்பிக்கும். சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு உச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரம் போதும். உட்கார்ந்து உட்கார்ந்து போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம். ட்ரெக்கிங் பழக்கம் வேண்டியதில்லை, ஆனால் ரப்பர் செருப்போடு வந்தால் கஷ்டம். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். உச்சியில் ஆஞ்சநேயர் இருக்கிறார். கார்த்திகை தீபத்தன்று இங்கே தீபம் ஏற்றுவார்கள். பௌர்ணமி நாள்களிலும் பக்தர்கள் கூடுவார்கள். அமைதியைத் தேடி வருபவர்கள் இந்த நாள்களைத் தவிர்த்துவிட்டு, வாரநாள் காலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

வழியில் தவறவிடக்கூடாத இடம் பிள்ளைத்தடம் என்கிற குகை. ஸ்ரீ நாராயண குரு தவம் இருந்த இடம். கேரளத்திலிருந்து வருகிறவர்கள் இந்தக் குகைக்காகவே மலையேறுகிறார்கள். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே இருட்டு. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் காற்றின் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த மலையில் தவம் முடித்து இறங்கிய பிறகுதான், 1888-ல் அருவிப்புரத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார் நாராயண குரு. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. கோயிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாத ஒரு சமூகத்தில் பிறந்தவர், தானே கோயிலை உண்டாக்கினார்!

உச்சியிலிருந்து என்ன தெரியும்?

முதலில் கண் தேடுவது கன்னியாகுமரியைத்தான். தென்கிழக்கே, கடலுக்குள் ஒரு புள்ளியாகப் பாறை. அதன் பக்கத்தில் திருவள்ளுவர். கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த 133 அடி சிலை, இங்கிருந்து பார்த்தால் தீக்குச்சி அளவுக்குத்தான் இருக்கும். குழந்தைகளுக்கு இதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். கிழக்கே வங்காள விரிகுடா. அந்தக் கரையில்தான் மார்த்தாண்ட வர்மா காலத்து வட்டக்கோட்டை இருக்கிறது. மேற்கே அரபிக்கடல்.

வடக்கே திரும்பினால் வயலும் குளமும் தென்னையுமாகப் பச்சை. அதைத் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள். மலைத்தொடரில் அங்கே ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வருவதால்தான் முப்பந்தல் முழுக்கக் காற்றாலைகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியும் புரியாத பாடம், இங்கே நின்றால் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

தென்மேற்கில் சதுரம் சதுரமாக மின்னுவது உப்பளங்கள். அதற்கு அப்பால் பழையாறு கடலில் சேரும் மணக்குடி. பார்க்க அவ்வளவு சாந்தமாக இருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில், மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது இந்த இடத்தில்தான். மணக்குடிக் காயலும் சுசீந்திரம், தேரூர் குளங்களும் வலசைப் பறவைகள் இறங்கும் இடங்கள். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் பைனாகுலர் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்சியைப் பார்த்து முடித்த பிறகு, இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகத் தேடிப் பாருங்கள். வெயில் தெளிவாக இருந்தால், தென்னை மரங்களுக்கு மேலே சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரம் தெரியும். அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கிற உரிமைக்காகவே 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. உள்ளே போய்க் கும்பிடும் உரிமை எல்லா இந்துக்களுக்கும் கிடைத்தது, 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று, உப்பளப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் வாழ்ந்த ஊர். தலைப்பாகை கட்டுவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னவர் அவர். எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முந்திரிக்கிணறு வெட்டவைத்தார். அதற்காகத் திருவிதாங்கூர் அரசின் சிறைக்கும் போனார். அவர் மறைந்தது 1851-ல். சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடக்க அதற்குப் பிறகு 75 வருடங்கள் ஆயின. கோபுரம் ஒரு பக்கம், பதி ஒரு பக்கம், நடுவில் நாராயண குருவின் குகை. ஒரு நூற்றாண்டின் சண்டை முழுவதும் ஒரு பார்வைக்குள் அடங்கிவிடுகிற இப்படி ஒரு வியூ பாயின்ட் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கிளம்பும் முன்

காலை ஆறு மணிக்கெல்லாம் ஏற ஆரம்பித்துவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு பாறை சுட ஆரம்பிக்கும், மேலே நிழல் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிற நினைப்பு வேண்டாம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பாறை வழுக்கும், அன்று அடிவாரத்தோடு திரும்பிவிடுவது நல்லது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை வசதியான காலம். தனியாகப் போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூலிகை மலை என்றதும் இலையைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வீடியோவில் பார்த்த செடிதான் இது என்று நினைத்துப் பறிப்பது ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கே கொடிய விஷம் என்பது பலருக்குத் தெரியாது. தவிர, வருகிறவர் எல்லாம் ஒரு கொத்து பறித்தால் மலையில் பெயர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். கோடையில் காய்ந்த புல்லுக்கு அணையாத ஒரு பீடித்துண்டு போதும். தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட் கவரையும் கொண்டுபோன பையிலேயே திரும்ப எடுத்து வாருங்கள். மேலே குப்பை வண்டி வராது.

இறங்கியதும் பசிக்கும். சாப்பிட்டுவிட்டு, மேலிருந்து பார்த்த சாமித்தோப்புக்கும் ஒரு எட்டு போய்வரலாம், சில கிலோமீட்டர்தான். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பதிக்குள் போக வேண்டும். அதனால் காலையில் கிளம்பும்போதே பையில் ஒரு துண்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.