ஆமையிழஞ்சான் தோட்டுக்கு யார் பொறுப்பு?

மழைக்காலத்தில் நாகர்கோவில் பஸ்ஸிலோ, கன்னியாகுமரி ரயிலிலோ தம்பானூரில் வந்து இறங்கும் நம்மவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் மழை கொட்டினால் போதும், ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் இடைப்பட்ட சாலை குளமாகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்து, எங்கே ஓடை மூடி திறந்து கிடக்கிறதோ என்று காலால் தடவிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். சாலைக் கடைத்தெருவின் தாழ்வான கிட்டங்கிகளில் அந்த நேரத்தில் அரிசி மூட்டைகளை மேலே ஏற்றி அடுக்கும் கைகளில் பாதி, தெற்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் பிழைக்க வந்த கைகள்.

இந்தத் தண்ணீர் வடிய வேண்டிய வழிதான் ஆமையிழஞ்சான் தோடு. நம் பக்கத்தில் தோடு என்றால் காதில் போடுவது. இங்கே ஓடைக்கு அதுவே பெயர். நட்சத்திர பங்களாக் குன்றின் பக்கத்திலிருந்து இறங்கி, ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கமாகப் புகுந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாற்றூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் போய்ச் சேருகிறது. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். பெயரில் ஆமை இருந்தாலும், பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே இன்று ஓர் ஆமை பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தோடு ஒன்று, சொந்தக்காரர்கள் பலர். கரையும் நீரோட்டமும் நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்தவை. அதில் விழும் குப்பைக்கு மாநகராட்சி பொறுப்பு. பக்கத்தில் செல்லும் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் வாட்டர் அத்தாரிட்டியுடையவை. குறுக்கே போகும் பெரிய சாலைகள் பொதுமராமத்தைச் சேர்ந்தவை. ரயில் தண்டவாளத்தின் அடியிலுள்ள பகுதி ரயில்வேயின் நிலம். அந்த ரயில்வே டிவிஷன் ஆபீஸ் தைக்காட்டில் இருந்தாலும், தெற்கு ரயில்வேயின் தலைமையிடம் சென்னை. அதற்கும் மேலே டில்லி. திருவனந்தபுரத்துச் சேற்றை அள்ளும் கோப்பு எத்தனை ஊர் சுற்ற வேண்டும் என்பதை ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. சாலைக் கடைத்தெருவை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், ஓர் உத்தரவு போட்டால் வேலை நடந்தது. 1920-ல் முனிசிபாலிட்டி வந்தது. 1940-ல் அது மாநகராட்சி ஆயிற்று. பிறகு ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வோர் அமைப்பு முளைத்தது. நகர வளர்ச்சிக்கென்று 1980-ல் 'ட்ரிடா' எனப்படும் வளர்ச்சி ஆணையம். குடிநீருக்கும் சாக்கடைக்கும் 1984-ல் வாட்டர் அத்தாரிட்டி. 2017-ல் நகரம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானதும் அதற்கென ஒரு தனிக் கம்பெனி. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் ஏற்பட்டவைதான். ஆனால் சாலையை ஒருவர் போட, மற்றொருவர் தோண்ட, மூன்றாமவர் மூட மறக்க, நடுவில் நடந்து போகிறவன் விழுகிறான்.

நகரம் முழுவதற்குமான மாஸ்டர் பிளான் கதையும் இதே ரகம். 1971-ல் அங்கீகாரம் பெற்ற திட்டத்தை வைத்துக்கொண்டே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்கள். 2013-ல் ஒரு புதிய வரைவு வெளிவந்தது. வீடும் நிலமும் பறிபோகும் என்று பல பகுதிகளில் எதிர்ப்புக் கிளம்பவே, அது கிடப்பில் போடப்பட்டது. இதற்கிடையே 2010-ல் கழக்கூட்டம், ஸ்ரீகார்யம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஆகிய ஐந்து ஊராட்சிகள் மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டன. பழைய அளவுக்குத் தைத்த சட்டைக்குள் வளர்ந்த பிள்ளையை நுழைத்த கதைதான். 2040-ஐ நோக்கிய திட்டம் அதற்கெல்லாம் பிறகே தயாராயிற்று.

அனந்தா தந்த பாடம்

எல்லாத் துறைகளும் சேர்ந்து வேலை செய்யவே முடியாதா என்றால், முடியும் என்று ஒருமுறை காட்டினார்கள். 2015-ல் தம்பானூர் வெள்ளத்துக்கு முடிவு கட்ட 'ஆபரேஷன் அனந்தா' தொடங்கியது. தலைமைச் செயலாளர் மேலேயிருந்து முடுக்க, மாவட்டக் கலெக்டர் களத்தில் நின்றார். 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்ததால், கோப்புகளுக்குக் காத்திருக்காமல் காரியம் நடந்தது. ஓடைகளின் மேல் எழும்பியிருந்த கட்டிடங்கள் இடிந்தன. பல ஆண்டு வண்டல் வெளியே வந்தது. மாநகராட்சி, நீர்ப்பாசனம், பொதுமராமத்து, ரயில்வே என்று எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததுதான் அதன் பலம். ஆனால் அந்த மேஜை நிரந்தரமானதல்ல. அதிகாரிகள் மாறினார்கள், வேகம் குறைந்தது, வண்டல் மறுபடி படிந்தது.

அதன் விலை 2024 ஜூலை 13-ம் தேதி தெரிந்தது. அன்று ரயில் நிலையத்துப் பகுதியில் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினரும் முக்குளிப்பவர்களும் சுரங்கத்தில் மலைபோல் குவிந்திருந்த குப்பையைத் தள்ளிக்கொண்டு தேடினார்கள், கடற்படையும் வந்தது. மூன்றாம் நாள் தகரப்பறம்புப் பக்கம் உடல் கிடைத்தது. தேடல் முடிவதற்குள்ளேயே வாதம் தொடங்கிவிட்டது. சுரங்கம் ரயில்வேயின் இடம், சுத்தம் செய்வது அவர்கள் கடமை என்றது மாநகராட்சி. குப்பை ஊரிலிருந்து அடித்து வருகிறது, நாங்கள் என்ன செய்ய என்றது ரயில்வே. கூலிக்கு இறங்கிய ஒரு மனிதர் இறந்துகிடக்க, எல்லைக்கல் எங்கே என்று தேடியதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. முதலமைச்சர் கூட்டிய கூட்டத்தில், மூன்று தரப்பையும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பைச் சப்-கலெக்டரிடம் ஒப்படைப்பதென்று முடிவாயிற்று. 'இவரைத்தான் கேட்க வேண்டும்' என்று கைகாட்ட ஓர் ஆள் கிடைத்தது ஒரு சாவுக்குப் பிறகே.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு சோதனை. நாகர்கோவில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்காக, தண்டவாளத்தின் அடியில் செல்லும் பெரிய குடிநீர்க் குழாய்களை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாளில் முடியும் என்றார்கள். நான்கு நாள் ஆயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகள் தண்ணீரின்றித் தவித்தன. நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். சொந்தக் கிணறும் மாடித் தொட்டியும் உள்ளவர்கள் ஒருவாறு சமாளித்தார்கள். ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் நம் தொழிலாளர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றார்கள்.

மேஜையில் நமக்கு இடம் உண்டா?

சட்டப்படி இந்த ஒருங்கிணைப்புக்கு ஓர் இடம் உண்டு. 1992-ம் ஆண்டின் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. கேரளத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவர் அதன் தலைவர், கலெக்டர் செயலாளர். மாநகராட்சியின் திட்டமும், பக்கத்து ஊராட்சிகளின் திட்டமும் அங்கே வந்து அங்கீகாரம் பெற வேண்டும். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பிறகு, மாநிலத் திட்டப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்கே போகிறது. ஆனால் ரயில்வே அந்தக் குழுவுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஓட்டை அங்கேயே இருக்கிறது.

அந்தத் திட்டங்களுக்கு விதை விழுவது வார்டுக் கூட்டத்தில். எந்த ஓடைக்கு மூடி, எந்தச் சந்துக்கு விளக்கு, எந்த லைனுக்குக் குழாய் என்ற கோரிக்கை முதலில் கவுன்சிலரின் காதில் விழ வேண்டும். கவுன்சிலரோ யாருக்கு அந்த வார்டில் ஓட்டு இருக்கிறதோ அவர் பேச்சைத்தான் முதலில் கேட்பார். அதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலையிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் செல்வாக்கு உண்டு. இருபது வருடமாக இங்கே மூட்டை சுமந்தும், குமாஸ்தா வேலை பார்த்தும், ஓட்டை மட்டும் தென்காசியிலோ வள்ளியூரிலோ வைத்திருப்பவருக்கு இல்லை. ஊர்ப் பாசம், ரேஷன் கார்டு, பங்காளிச் சொத்து என்று அதற்கு ஆயிரம் காரணம். யாரையும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. தண்ணீர் வராத நாளில் யாரிடம் போய் நிற்பது என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பது நல்லது. உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் தனி. மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிப்பது. சட்டசபைத் தேர்தலில் இங்கே ஓட்டுப் போட்டோமே, அது போதாதா என்று இருந்துவிட்டு, வார்டுப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நம்மில் உண்டு.